ஒரு பேராசிரியரின் சாம்பலுக்குப் பெரு நாடு ஏன் சட்டம் இயற்றியது?

சிறையில் இறந்த ஒரு முதியவரின் உடலை என்ன செய்வது என்று முடிவெடுக்க ஒரு நாட்டின் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியதாகப் படித்தேன் என்கிறார் ஒரு வாசகர். யார் இந்த அபிமாயேல் குஸ்மான், பின் லாடனைப் போல உலகெங்கும் அறியப்படாத இவரைப் பெரு நாடு இறந்த பிறகும் ஏன் இவ்வளவு அஞ்சுகிறது என்பது அவர் கேள்வி. செய்தி உண்மைதான். 2021 செப்டம்பர் 11 அன்று, கல்லாவ் கடற்படைத் தளத்தின் சிறையில், ‘ஒளிரும் பாதை’ என்ற மாவோயிசக் கிளர்ச்சிக் கட்சியை நிறுவிய குஸ்மான் தமது 86ஆவது வயதில் இறந்தார். உடலைக் கேட்டு, வேறொரு சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த அவர் மனைவி எலெனா இப்பர்ராகிர்ரே சட்டப்படி முயன்றார். நாடாளுமன்றம் அவசர அவசரமாகக் கூடி, பயங்கரவாத அமைப்பின் தலைவர் சிறையில் இறந்தால் உடலை எரித்துவிட அரசு வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. செப்டம்பர் 24 விடியற்காலையில் உடல் எரிக்கப்பட்டது. சாம்பல் யாருக்கும் தெரியாத இடத்தில் கரைக்கப்பட்டது. கல்லறை என்று ஒன்று இருந்தால் அங்கே பூவும் கொடியும் வந்து சேரும் என்பதே அரசு சொன்ன காரணம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு மலைநகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவருடைய இளமையில் பெரிதாக விளக்கம் தேடுவது வீண் என்பது என் எண்ணம். 1934 டிசம்பரில் தென்பெருவின் துறைமுகமான மொயெந்தோவில், வசதியான வணிகர் ஒருவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். தாயின் அரவணைப்பைச் சிறுவயதிலேயே இழந்து, பின்னர் அரேக்கிப்பா நகரில் தந்தையின் வீட்டில், மாற்றாந்தாயின் பொறுப்பில் வளர்ந்தவர். கத்தோலிக்கப் பள்ளியில் அமைதியான, நன்றாகப் படிக்கும் மாணவர். சட்டமும் தத்துவமும் பயின்று, காண்ட் இடவெளியைப் பற்றிச் சொன்ன கோட்பாட்டை ஆராய்ந்து தத்துவத்தில் பட்டம் பெற்றார். இப்படி வளர்ந்த பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை.

1962-இல் அவர் அயாகுச்சோவின் வமாங்கா பல்கலைக்கழகத்தில் தத்துவ ஆசிரியராகச் சேர்ந்தார். பெருவின் மிக வறிய பகுதிகளில் ஒன்று அயாகுச்சோ. சுற்றியுள்ள மலைக்கிராமங்களில் பேசப்படுவது கெச்சுவா மொழி. அரசு அலுவலகத்தில், நீதிமன்றத்தில், மருத்துவமனையில் பேசப்படுவது ஸ்பானிய மொழி. 1677-இல் தொடங்கப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூடப்பட்டுக் கிடந்த அந்தப் பல்கலைக்கழகம் 1959-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் வாசலை மிதித்தவர்களில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்தவர்கள். படிப்பு அவர்களுக்கு எவ்வளவு பெரிய பொருள் என்பதற்கு ஒரு சான்று போதும்: 1969 ஜூனில், இலவசக் கல்விக்கு இராணுவ அரசு கட்டுப்பாடு விதித்தபோது, அயாகுச்சோவிலும் அருகிலிருந்த வாந்தா நகரிலும் மாணவர்களோடு உழவர்களும் தெருவில் இறங்கினர்; காவல்துறை சுட்டதில் பலர் இறந்தனர். நிலத்துக்காகப் போராடியவர்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்காக உயிர்விட்ட உழவர்களைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை.

அந்தப் பசியை அந்த ஊரில் யாரையும்விட நன்றாகக் கண்டுகொண்டவர் குஸ்மான். பொருளாதாரக் கேள்வியானாலும் வரலாற்றுக் கேள்வியானாலும் ஐயத்துக்கு இடமில்லாத ஒரே விடையை, வகுப்பறைப் பலகையில் தெளிவாகப் பிரித்து எழுதிக் காட்டும் ஆசிரியர் அவர். கேட்பவர்களின் மூளையைக் கழுவிவிடுவார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஷாம்பு’. வேடிக்கையாகச் சொன்ன பெயர்தான், ஆனால் வேலை வேடிக்கையாக நடக்கவில்லை. ஆசிரியர் பயிற்சித் துறையில் அவருடைய ஆட்கள் காலூன்றினர். அங்கே பயின்றவர்கள் பட்டத்தோடும் கொள்கையோடும் தம் சொந்தக் கிராமத்துப் பள்ளிகளுக்கே ஆசிரியர்களாகத் திரும்பினர். மலைக்கிராமத்தில் ஆசிரியர் சொன்னால் அது சொன்னதுதான். துப்பாக்கி ஒன்றுகூட வாங்கப்படுவதற்கு முன்பே, அஞ்சல் நிலையமும் சாலையும் எட்டாத ஊர்களில் அவருடைய அமைப்புக்கு ஆள் இருந்தது இப்படித்தான்.

சோவியத் ஒன்றியமும் சீனாவும் பிரிந்தபோது பெருவின் பொதுவுடைமைக் கட்சியும் உடைந்தது. 1960களில் சீனா சென்று பயிற்சி பெற்று வந்த குஸ்மான், மாவோவின் பக்கம் நின்ற பிரிவிலிருந்தும் 1970-இல் பிரிந்து தனிக்கட்சி கண்டார். பெருவின் மார்க்சியச் சிந்தனையாளர் ஹோசே கார்லோஸ் மரியாத்தேகியின் ‘ஒளிரும் பாதையில்’ செல்வோம் என்ற அவர்களுடைய முழக்கத்திலிருந்து, மற்றவர்கள் அந்தக் கட்சிக்குச் செந்தேரோ லுமினோசோ, அதாவது ஒளிரும் பாதை என்று பெயரிட்டனர். கட்சிக்குள் அவர் ‘தலைவர் கொன்சாலோ’. மார்க்ஸ், லெனின், மாவோ ஆகியோருக்கு அடுத்த நான்காவது வாள் என்று தொண்டர்கள் அவரைப் போற்றினர். 1970களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கித் தலைமறைவானார். அதன் பிறகு பல ஆண்டுகள் காவல்துறையிடம் இருந்தவை அவருடைய பழைய புகைப்படங்கள் மட்டுமே. அவர் செத்துவிட்டார் என்று நம்பியவர்களும் உண்டு.

1980 மே 17 இரவு, அயாகுச்சோ பகுதியின் சூஸ்சி என்ற சிற்றூரில் முகமூடி அணிந்த சில இளைஞர்கள் நுழைந்து, வாக்குப்பெட்டிகளையும் வாக்காளர் பதிவேட்டையும் எடுத்து எரித்தனர். 12 ஆண்டு இராணுவ ஆட்சிக்குப் பிறகு நடக்கவிருந்த முதல் பொதுத்தேர்தல் அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் அந்தத் தேர்தலில்தான். கெச்சுவா பேசும் உழவர்களில் மிகப் பலர் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களிக்கக் காத்திருந்தனர். அவர்கள் பெயரால் புரட்சி செய்ய வந்தவர்கள் முதலில் எரித்தது அவர்களுடைய வாக்குப்பெட்டியை என்பதை நான் வெறும் குறியீடாகப் பார்க்கவில்லை. பின்னால் நடந்த அனைத்துக்கும் முன்னோட்டம் அதுவே. வேறு பெட்டிகள் வந்து தேர்தலும் நடந்து முடிந்ததால் லிமா நகரத்துப் பத்திரிகைகள் இதைப் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று, மாவோவின் பிறந்தநாளில், லிமாவின் மின்கம்பங்களில் செத்த நாய்கள் தொங்கின. சீனாவின் புதிய தலைவர் தெங் சியாவோ பிங்கை நாயின் மகன் என்று ஏசும் அட்டைகள் அவற்றில் கட்டப்பட்டிருந்தன. பெருவின் தலைநகரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்குச் சீனக் கட்சியின் உட்பூசல் என்ன புரியும்? நாய் மட்டும் புரிந்தது.

தொடக்கத்தில் மலைக்கிராமங்கள் அவர்களை முற்றாக வெறுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசு என்ற ஒன்று அங்கே கண்ணில் படுவதே அரிது. மாடு திருடுபவனையும், மனைவியை அடிப்பவனையும், எடையில் ஏமாற்றும் வணிகனையும் ஊர்முன் நிறுத்திக் கசையடி கொடுத்தபோது, இத்தனை காலம் நீதிமன்றம் செய்யாததை இந்தப் பிள்ளைகள் செய்கிறார்களே என்று மக்கள் நினைத்தனர். ஆனால் அந்த மக்களுக்கு நீதி பற்றித் தெளிவான ஓர் எல்லை இருந்தது: தண்டிக்கலாம், கொல்லக் கூடாது. குற்றம் செய்தவனும் நாளை நம்மோடு வாய்க்கால் வெட்டவும் கிழங்கு தோண்டவும் வேண்டியவன். அவனுக்கு மனைவி, பிள்ளைகள், பங்காளிகள் இருக்கிறார்கள். கட்சி அந்த எல்லையை மிதித்துத் தாண்டியது. கையில் கோலேந்தி ஊரை நடத்திவந்த பெரியவர்களைப் பழமையின் எச்சங்கள் என்று நீக்கி, இருபது வயது இளைஞர்களை அதிகாரத்தில் அமர்த்தியது. நகரங்களைப் பட்டினி போட வேண்டும் என்ற கோட்பாட்டுக்காக வாரச் சந்தைகளை மூடியது. மேட்டு நிலத்துக் குடும்பத்துக்கு உப்பும் தீப்பெட்டியும் கிடைப்பது அந்தச் சந்தையில்தான். மாவோவின் சீனத்தைப் பற்றி அவ்வளவு படித்த பேராசிரியர், தம் வகுப்பறைக்குச் சில மணிநேரத் தொலைவில் இருந்த ஊர் எப்படி உப்பு வாங்குகிறது என்று பார்க்கவில்லை.

1983 ஏப்ரல் 3 அன்று லுக்கனமார்க்காவிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் நடந்தது இதன் உச்சம். அதற்குச் சில வாரங்களுக்கு முன், அப்பகுதியின் கட்சித் தளபதி ஒருவனை ஊரார் பிடித்துக் கொன்றிருந்தனர். பதிலடியாக வந்தவர்கள் கோடரியாலும் வெட்டுக்கத்தியாலும் துப்பாக்கியாலும் 69 பேரைக் கொன்றனர். கைக்குழந்தைகளும் அவர்களில் அடக்கம். இது கீழ்மட்டத் தொண்டர்கள் வெறியில் செய்தது அன்று. 1988-இல் தம் கட்சிக்கு அனுதாபமான ஒரு நாளிதழுக்கு அளித்த நீண்ட நேர்காணலில், நடந்ததில் மிதமிஞ்சிய செயல் இருந்தது என்பதை ஒப்புக்கொண்ட குஸ்மான், எதிரிக்குப் பாடம் புகட்ட அந்த அடி தேவைப்பட்டது என்றும், மையத் தலைமையே அதைத் திட்டமிட்டது என்றும் கூறினார். புரட்சிக்காக ஒவ்வொருவரும் செலுத்த வேண்டிய உயிர்க் கணக்கை அவருடைய கட்சி ‘பங்கு’ என்ற சொல்லால் குறித்தது; வரியைப் போல அது முன்கூட்டியே எதிர்பார்க்கப்பட்டது. இதை உள்நாட்டுப் போர் என்று மட்டும் எழுதுவோர் உண்டு. தமக்காகப் போராடுவதாகச் சொல்லப்பட்ட மக்களையே அஞ்சவைப்பதற்காகத் திட்டமிட்டுக் கொல்வதற்குப் பயங்கரவாதம் என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

அரசின் கையும் சுத்தமானதன்று. அதைச் சொல்லாமல் குஸ்மானின் கதையைச் சொல்வது பாதி உண்மையாகிவிடும். 1982 டிசம்பரில் அயாகுச்சோவை இராணுவத்திடம் ஒப்படைத்தபோது, அங்கு வந்த கடற்கரைப் பகுதி வீரர்களுக்குக் கெச்சுவா பேசும் எல்லோரும் ஒன்றுபோலவே தெரிந்தனர். 1984 டிசம்பரில், புத்திஸ் என்ற இடத்தில், ஒளிரும் பாதைக்கு அஞ்சி மலையில் ஒளிந்திருந்தவர்களைப் பாதுகாப்புத் தருவதாக இராணுவம் கீழே வரவழைத்தது. மீன் வளர்க்கக் குளம் வெட்டப்போகிறோம் என்று சொல்லி அவர்களையே குழி தோண்டவைத்து, 123 பேரைச் சுட்டு அதே குழியில் மூடியது. கட்சி வன்முறையைத் தூண்டியதே அரசின் இந்த முகத்தை வெளிக்கொணரத்தான். அரசு அந்த எதிர்பார்ப்பைக் கொஞ்சமும் ஏமாற்றவில்லை.

இரண்டு பக்க அடிக்கும் நடுவில் சிக்கிய கிராமங்கள் கடைசியில் தமக்கென்று காவல் குழுக்களை அமைத்துக்கொண்டன. ரொந்தா என்று அழைக்கப்பட்ட இக்குழுக்களில் சில ஊரார் தாமாகத் திரண்டவை, சில இராணுவம் வற்புறுத்திச் சேர்த்தவை. ஈட்டியும் கவணும் வீட்டில் செய்த துப்பாக்கியுமாகத் தொடங்கி, 1990களின் தொடக்கத்தில் அரசு கொடுத்த துப்பாக்கிகளோடு அவர்கள் கட்சியை மலையிலிருந்து விரட்டத் தொடங்கினர். வறிய உழவன் கடலென்றால் கெரில்லா அதில் நீந்தும் மீன் என்று மாவோ சொன்னதாகச் சொல்வார்கள். இங்கே கடலே மீனைத் துப்பியது. காடு இறங்கும் பள்ளத்தாக்குகளில் வாழும் அஷானிங்கா பழங்குடியினருக்கு இந்த வாய்ப்பும் தாமதமாகவே கிடைத்தது. அவர்களில் சுமார் 6,000 பேர் இறந்ததாகவும், 5,000 பேர் வரை கட்சியின் முகாம்களில் அடிமைகளைப் போல வைக்கப்பட்டதாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது.

மலையில் இழந்துகொண்டிருந்ததாலேயே குஸ்மான் லிமாவின் மீது பாய்ந்தார் என்று கருத இடமுண்டு. விலைவாசி ஒரே ஆண்டில் பல்லாயிரம் விழுக்காடு ஏறிய காலம் அது. மின்கோபுரங்கள் தகர்க்கப்பட்டு நகரம் அடிக்கடி இருளில் மூழ்கியது. 1992 பிப்ரவரியில், வியா எல் சல்வதோர் என்ற குடிசைப் பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்குப் பால் வழங்கும் திட்டத்தையும் பொதுச் சமையற்கூடங்களையும் நடத்திவந்த மரியா எலெனா மோயானோவைப் பிள்ளைகளின் கண்முன்னே சுட்டுக் கொன்று, உடலையும் வெடிவைத்துச் சிதறடித்தனர். கட்சியை எதிர்த்து ஊர்வலம் நடத்தியதே அவர் செய்த குற்றம். ஏழைகளை ஏழைகளே திரட்ட முடியும் என்று காட்டிய ஒரு பெண், இராணுவத் தளபதியைவிடப் பெரிய எதிரியாகப்பட்டார். ஜூலை 16 அன்று, செல்வர் வாழும் மிராஃப்ளோரெஸ் பகுதியின் தராத்தா தெருவில் வெடித்த கார் குண்டு 25 பேரைக் கொன்றது. 12 ஆண்டுகளாக மலையில் செத்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றித் தலைநகரத்து மேல்தட்டு விழித்துக்கொண்டதும் அன்றுதான்.

அவரைப் பிடித்த விதம் இன்னும் சொல்லத் தக்கது. 1990-இல் பெனெதிக்தோ ஹிமெனெஸ் தலைமையில், வாகனமும் பணமும் போதாத நிலையில் தொடங்கப்பட்ட சிறிய காவல் உளவுப் பிரிவு ஒன்று, யாரையும் அடித்து உண்மை வாங்குவதில்லை என்ற முறையில் வேலை செய்தது. சந்தேகத்துக்குரியவர்களைப் பிடிக்காமல் பின்தொடர்வார்கள். அவர்கள் வீட்டுக் குப்பையைக் கிளறுவார்கள். சுர்கீயோ பகுதியில், கீழ்த்தளத்தில் நடனப் பள்ளி நடத்திய இளம் கலைஞர் ஒருவரின் வீட்டுக் குப்பை, அங்கே வசிப்பதாகச் சொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கைக்கு மிஞ்சியதாக இருந்தது. அதில் குஸ்மான் புகைக்கும் வகைச் சிகரெட்டின் துண்டுகள் கிடைத்தன. வெகுகாலமாக அவரை வாட்டிய சொரியாசிஸ் தோல்நோய்க்கான மருந்தின் உறைகளும் கிடைத்தன. 1992 செப்டம்பர் 12 மாலை, காதலர்களைப் போலத் தெருவில் நின்றிருந்த இரு காவலர்கள், விருந்தினர்களை வழியனுப்பக் கதவு திறந்த நொடியில் உள்ளே பாய்ந்தனர். மாடியில் கண்ணாடியும் தாடியுமாக நாற்காலியில் அமர்ந்திருந்தார் குஸ்மான். எதிர்ப்பு எதுவும் காட்டவில்லை, யாரும் சாகவும் இல்லை. ஆயிரக்கணக்கானோரைக் காணாமல் போக்கிய இராணுவத்தால் முடியாததைக் குப்பைப் பையும் பொறுமையும் முடித்தன. குடியரசுத் தலைவர் ஆல்பெர்த்தோ ஃபுஜிமோரிக்கே முன்கூட்டித் தெரியாது. அன்று அவர் அமேசான் பகுதியில் மீன்பிடிக்கப் போயிருந்தார்.

இருந்தும் அதன் பலனை அறுவடை செய்தவர் ஃபுஜிமோரிதான். அவ்வாண்டு ஏப்ரலில் நாடாளுமன்றத்தைக் கலைத்து அதிகாரத்தைத் தன்வசப்படுத்தியிருந்த அவர், செப்டம்பர் 24 அன்று குஸ்மானுக்குக் கோடுபோட்ட கைதி உடை மாட்டி, கூண்டில் நிறுத்திப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார். முகம் மறைத்த இராணுவ நீதிபதிகள் ஆயுள் தண்டனை விதித்தனர். அடுத்த ஆண்டே, சிறையிலிருந்து அமைதிப் பேச்சு கோரும் கடிதங்களைக் குஸ்மான் எழுத, ஃபுஜிமோரி அவற்றை ஐக்கிய நாடுகள் அவையில் அறிவித்தார். பிறரிடம் உயிர்ப் பங்கு கேட்ட தலைவர் தாம் பிடிபட்ட ஓராண்டுக்குள் சமாதானம் பேசியதைத் தொண்டர்கள் பலரால் நம்ப முடியவில்லை; கட்சி இரண்டாகப் பிளந்து சரிந்தது. முகம் மறைத்த நீதிமன்றத்தின் தீர்ப்பு பின்னர் செல்லாதென்று அறிவிக்கப்பட்டு, 2006-இல் முறையான மறுவிசாரணையில் அதே ஆயுள் தண்டனை உறுதியானது.

2003-இல் வெளியான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை, 1980 முதல் 2000 வரை இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 69,280 பேர் என்று மதிப்பிட்டது. பதிவான சாவுகளில் 54 விழுக்காட்டுக்கு ஒளிரும் பாதையும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசுப் படைகளும் அவற்றின் துணைக்குழுக்களும் பொறுப்பு என்றது. மதிப்பீட்டு முறையைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. விவாதத்துக்கு இடமில்லாதது வேறொன்று: இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவாவையோ வேறு பூர்வகுடி மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள். அதுவரை நாடு ஊகித்திருந்த எண்ணிக்கை இதில் பாதியளவே. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்கள் செத்தது தெரியாமலே ஒரு நாடு இருந்திருக்கிறது என்றால், அவர்கள் உயிரோடு இருந்ததையும் அது கவனித்திருக்கவில்லை என்றுதான் பொருள்.

அவர் விட்டுச்சென்றவற்றில், காடுகளில், கொக்கெய்ன் தயாரிக்கப் பயன்படும் கோக்கா இலைக் கடத்தலோடு ஒட்டி வாழும் எஞ்சிய ஆயுதக் குழுவை நான் பெரிதாக எண்ணவில்லை. அது குஸ்மானையே துரோகி என்று கைவிட்ட குழு. 1996-இல் போரைத் தொடங்கிய நேபாள மாவோயிஸ்டுகள் பெருவை முன்மாதிரியாகப் பேசியது உண்மை. அவர்கள் பின்னர் ஆயுதத்தை வைத்துவிட்டுத் தேர்தலுக்கு வந்துவிட்டனர். பெருவில் ஆழமாகத் தங்கியது ‘தெருக்கோ’ என்ற ஒற்றைச் சொல். பயங்கரவாதி என்பதன் கொச்சை வழக்கு அது. சுரங்கத்தை எதிர்க்கும் உழவர், ஊதியம் கேட்கும் ஆசிரியர், காணாமல் போன மகனைத் தேடும் தாய் என யார்மீதும் அதை எறியலாம். எறிந்த பின் அவர்களுடைய கோரிக்கையை யாரும் கேட்க வேண்டியதில்லை. இவ்வாறு எறிவதைக் குறிக்கவே ஸ்பானிய மொழியில் ஒரு தனி வினைச்சொல் பிறந்துவிட்டது. இடதுசாரி அரசியலுக்கு குஸ்மான் இழைத்த அளவு கேட்டை எந்த வலதுசாரி அரசும் இழைக்கவில்லை. ஃபுஜிமோரியின் எதேச்சதிகாரத்துக்கு அவர் கொடுத்த நியாயம், கொலைக்குழுவை இயக்கிய வழக்கில் ஃபுஜிமோரி 2009-இல் தண்டிக்கப்பட்ட பிறகும் வாக்குகளாக மாறிக்கொண்டிருக்கிறது. ஃபுஜிமோரியும் 86 வயதில்தான் இறந்தார். குஸ்மான் இறந்து சரியாக மூன்று ஆண்டு கழித்து, 2024 செப்டம்பர் 11 அன்று. அவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

ஆகவே, அந்தச் சாம்பலைக் கடந்த ஒரு பயம் அது. அயாகுச்சோ விமான நிலையத்தை ஒட்டி, லோஸ் கபித்தோஸ் படைமுகாமின் பின்புறம் லா ஒயாதா என்ற வெட்டவெளி இருக்கிறது. 1980களில் அந்த முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் அங்கிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. உடல்களை எரிக்க இராணுவம் கட்டிய உலையின் அடித்தளம் இன்னும் கிடக்கிறது. காணாமல் போனவர்களின் தாய்மார் அங்கே சிலுவைகள் நட்டிருக்கிறார்கள். 2022 டிசம்பர் 15 அன்று, குடியரசுத் தலைவர் பெத்ரோ காஸ்தியோ பதவி நீக்கப்பட்டதை எதிர்த்து விமான நிலையத்தை நோக்கிச் சென்றவர்கள்மீது இராணுவம் சுட்டதில் 10 பேர் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இறந்தனர். போராடியவர்களைத் தெருக்கோக்கள் என்று லிமாவில் சிலர் சொன்னார்கள். இறந்தவர்களில் சிலர், குஸ்மான் சுர்கீயோ வீட்டில் பிடிபட்ட நாளில் பிறந்திருக்கவே இல்லை.